பெரட்டுக்களமும் ஜிம் ரீவ்ஸும்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து சிம்பாங் அம்பாட் டோலில் வெளியேறும் கார்களில் பல, ஏ ஃபாமோசாவுக்குத்தான் போகும். தண்ணீர் விளையாட்டு, விலங்குகள், கோல்ஃப் திடல் என்று பரந்து கிடக்கும் உல்லாசத் தளம் அது. அதற்குள் பல ஆண்டுகள் ‘கௌபாய் டவுன்’ என்றே ஒரு பகுதி இருந்தது. பலகை முகப்பு வைத்த கடைகள், அகலத் தொப்பி போட்ட ஆட்கள், இருட்டியதும் குதிரையும் துப்பாக்கியுமாக ஒரு காட்சி. என் அக்கா மகன் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்தான். ஒருநாள் அவனைக் கூட்டிவரப் போனபோது ஒலிபெருக்கியில் பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நானும் கூடவே முணுமுணுத்தேன்.

“மாமா, இந்தப் பாட்டெல்லாம் ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?” என்றான்.

“எங்க தோட்டத்துல கேட்டதுதாண்டா” என்றேன். அவனால் நம்ப முடியவில்லை. பால்மரக் காட்டில் மாரியம்மன் தாலாட்டும் எம்.ஜி.ஆர். பாட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்திருந்தான்.

1960களில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்க ‘கன்ட்ரி’ பாடகர் ஜிம் ரீவ்ஸ் என்றால் அவருக்குப் பைத்தியம். தூண் மேல் எழுப்பிய பலகை வீட்டின் முன்கூடத்தில் அவரிடம் ஒரு டேப் பெட்டி இருந்தது. இரண்டு பெரிய சக்கரங்கள் மெதுவாகச் சுற்றும். நடுவில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு. பாட்டு உரக்கப் போனால் அந்தப் பச்சை அகலும், தணிந்தால் சுருங்கும். நாங்கள் செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பாட்டைக் கேட்டதைவிட அந்தப் பச்சையைப் பார்த்ததுதான் அதிகம். ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு நேரம் வந்துவிட்டால், கிராணி ஐயா வீட்டில் எல்லாரையும் வாய்பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, ரேடியோ முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்வார். ஒவ்வொரு டேப்பின் பெட்டி மேலும் பாடகர் பெயர், தேதி, எந்த நிலையம் என்று மணிமணியான கையெழுத்தில் எழுதி வைப்பார். 1964 ஜூலையில் ஜிம் ரீவ்ஸ் விமான விபத்தில் இறந்தபோது அந்த வீட்டில் நிஜமாகவே துக்கம். சனிக்கிழமை சாயந்தரம் எங்கள் வயதுப் பையன்களைக் கூப்பிட்டு வைத்து, ஒரு சொல் விடாமல் அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பார். எனக்கு முதலில் வந்த ஆங்கிலம் அப்படி வந்ததுதான். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அந்த வேலியிலிருந்து நூறடி தாண்டினால் தொழிலாளர் வரிசை வீடுகள், எங்கள் லயம்.

லயத்தில் பாட்டு இல்லாத வேளை குறைவு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது யாரும் பாடமாட்டார்கள். குளிரும் தூக்கமும் தண்டலின் அதட்டலும் அதற்கு இடம் தராது. பால் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் பால் சேர்வதற்காகக் காத்திருக்கிற அந்தச் சிறிய இடைவெளியில்தான் நிரைக்குள்ளிருந்து ஒரு குரல் எழும். இரண்டு நிரை தள்ளி இன்னொரு அம்மா அடுத்த அடியை எடுப்பார். ஆள் தெரியாது, குரல்தான் மரத்துக்கு மரம் தாவும். பால் எடுக்கக் கொம்பு ஊதியதும் பாட்டு அறுந்துவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கங்காணியை நக்கலடிக்கும் பாட்டு, கள்ளுக்கடைக்குப் போன புருஷனைத் திட்டும் பாட்டு, கப்பலில் வந்த கதை, ஊரில் விட்டுவந்த தம்பிக்குச் சேதி சொல்லும் பாட்டு. பொங்கலுக்குக் கும்மி. பிள்ளை பிறந்தால் தாலாட்டு. இறந்தால் ஒப்பாரி.

எதிர் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவர் வீட்டுக்காரரை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. 1942 செப்டம்பரில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோனார்கள். பாட்டி சாயந்தரம் பைப்படியில் பாத்திரம் விளக்கும்போது அதைப் பாடுவார். முதலில் சொல் இருக்காது. மூக்கோடு ஒரு நீண்ட இழுப்பு, அது தேய்ந்து முடியும் இடத்தில் சொல் தொடங்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊர்ப் பெயர் வரும். பான்போங், காஞ்சனபுரி என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாதையோடு பாட்டு நடந்து போகும். திரும்பி வந்த யாரோ ஒருவர் அவரிடம் சொன்ன பெயர்கள். பாட்டிக்குக் கைநாட்டுத்தான். பிற்காலத்தில் நான் ஆசிரியரான பிறகு சயாம் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, எனக்கு நினைவிருந்த வரை அவர் பாடிய ஊர்கள் வரிசை மாறாமல் இருந்தன.

மலாக்கா மாநிலத்தின் ஒரு மூலையில், நூறடி இடைவெளியில், ஒலியைப் பிடித்து வைக்கும் இயந்திரம் ஒன்றும், பிடித்து வைத்தே ஆகவேண்டிய பாட்டு ஒன்றும் ஒரே நேரத்தில் இருந்தன. இயந்திரம் அமெரிக்காவைப் பதிவு செய்துகொண்டிருந்தது. யார் மேலும் இதில் குறையில்லை. லயத்துப் பாட்டு பாதுகாக்க வேண்டிய பொருள் என்று அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பாடிய பாட்டியே கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கிராணி ஐயாவின் டேப்பில் சுழன்ற அந்த இசையின் பூர்வீகத்தைப் பின்னாளில் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கதை முழுதாக விளங்கியது. ஜிம் ரீவ்ஸ் பாடிய வகைக்குத் தகப்பன் என்று சொல்லப்படுபவர் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பவர். 1897இல் பிறந்து, காசநோயால் 1933இல் போய்ச் சேர்ந்தவர். மிசிசிப்பி மாநிலத்து ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் தண்டவாளம் போடும் கறுப்பினக் கூலிகளுக்குத் தண்ணீர் சுமந்தவர். சம்மட்டி அடிக்கும் தாளத்துக்கு அவர்கள் பாடியதைக் கேட்டுத்தான் இவர் பாட்டு கற்றார். அந்த இசைக்குரிய பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் நினைவில் கொண்டுவந்தது. ஆக, கிராணி வீட்டு முன்கூடத்தில் ஓடிய பாட்டின் வேரிலும் தண்டவாளக் கூலிகள்தான் இருந்தார்கள். ஒரு ரயில் பாதைக் கூலிகளின் குரல் கடல் கடந்து எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு ரயில் பாதைக்குப் பலியான எங்கள் ஆட்களின் குரல் பைப்படியைத் தாண்டவில்லை.

அமெரிக்காவில் இது தானாக நடந்துவிடவில்லை. 1928இல் அவர்களுடைய காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்புறப் பாடல்களுக்கென்றே ஒரு காப்பகம் திறந்தார்கள். 1933 கோடையில் ஜான் லோமாக்ஸ் என்பவர் தம் மகன் ஆலனைக் கூட்டிக்கொண்டு, காரின் பின்புறத்தில் 315 பவுண்டு எடையுள்ள பதிவுப் பெட்டியை ஏற்றித் தென் மாநிலங்களுக்குப் புறப்பட்டார். 143 கிலோ! ஆலனுக்கு அப்போது 18 வயது. பருத்தித் தோட்டங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் போனார்கள். வெளியுலகப் பாட்டு கலக்காமல் பழைய உழைப்புப் பாட்டுகள் அங்கேதான் இருக்கும் என்று அவர்கள் எண்ணம். லூயிசியானாவின் அங்கோலா சிறையில்தான் ஹடி லெட்பெட்டரைக் கண்டார்கள். லெட் பெல்லி என்று உலகம் பின்னால் கொண்டாடியது அவரைத்தான்.

1941இல் மிசிசிப்பியில் ஸ்டோவால் என்னும் பருத்தித் தோட்டத்துக்கு ஆலன் போனார். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற இளைஞரின் குரலையும் கிட்டாரையும் பதிவு செய்தார். தன் குரலை இயந்திரத்திலிருந்து கேட்ட அந்த மனிதர் இரண்டு வருஷத்தில் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ போய், மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் ஒரு யுகத்தின் இசையையே திருப்பிப்போட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரைவர் அண்ணன் ஞாபகம் எனக்கு வரும். அவர் தவில்காரர் பேரன். மட்கார்டில் தட்டியே முழுத் தாளம் காட்டுவார்.

லோமாக்ஸ் குடும்பத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. லெட் பெல்லியின் பாட்டுகளுக்கு உரிமைக்காரராகத் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் 1949 டிசம்பரில் கையில் காசில்லாமல் இறந்தார். அடுத்த வருஷமே அவர் பாட்டை வேறொரு குழு பாடி, நாடு முழுக்க அதுவே முழங்கியது. மிசிசிப்பி ஆய்வில் ஆலனோடு சமமாக உழைத்த ஜான் வொர்க் என்கிற கறுப்பினப் பேராசிரியரின் கையெழுத்துப் பிரதி அறுபது வருஷம் கிடப்பில் கிடந்து, 2005இல்தான் நூலானது. பாட்டு சேகரிக்கப் புறப்படும் எவரும் இந்த இரண்டு கதைகளையும் முதல் பாடமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பாடியவர் பெயர் முதலில். சேகரித்தவர் பெயர் அப்புறம்.

அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர், அதிகம் பேசப்படாத மகள் பெஸ் லோமாக்ஸ் ஹாஸ். 1921இல் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள் என்றால், இவர் கலிஃபோர்னியாவில் சாதாரண ஜனங்களைக் கூட்டமாக உட்கார வைத்துக் கிட்டாரும் பாஞ்சோவும் பழைய பாட்டுகளும் சொல்லிக்கொடுத்தார். பிறகு கல்லூரியில் பாடம் எடுத்தார். 1977 முதல் 1992 வரை அமெரிக்க அரசின் கலை நிதியத்தில் நாட்டுப்புறக் கலைப் பிரிவை நடத்தினார். குக்கிராமத்துப் பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியம் செய்கிறவர்களுக்கும் நாட்டின் உயர்ந்த கௌரவமாக, பணத்தோடு சேர்த்து, தேசிய மரபு விருது 1982 முதல் வழங்கத் தொடங்கியது அவர் காலத்தில்தான். பதிந்து பூட்டி வைத்தால் பாட்டு பிழைக்காது, அடுத்த ஆள் வாயில் ஏற்ற வேண்டும் என்று உணர்ந்து, அதையே வேலையாக வைத்துக்கொண்டு ஒரு முழு ஆயுளையும் கொடுத்த பெண். அதற்கு அவருக்குச் சம்பளமும் பதவியும் இருந்தன என்பதையும் நான் கவனிக்கிறேன். ஒரு நாடு அதை வேலை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் பக்கமும் ஆட்கள் இல்லாமல் இல்லை. பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தமிழ்நாட்டில் திரட்டிய பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலை ஒரு படையையே உருவாக்கித் திரட்டினார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு சேர்ந்து ஊர் ஊராய்த் தேடிப்போய், மேடையில் பாடி, பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் சொல்லிக்கொடுத்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. இலங்கை மலையகத்துக்கு ஒரு சி.வி. வேலுப்பிள்ளை. நமக்கு? மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். முத்தம்மாள் பழனிசாமி ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்று தம் வாழ்க்கையோடு சேர்த்தே எழுதினார். இந்த இரண்டையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அச்சில் சொல் இருக்கும், இழுப்பு இருக்காது. பைப்படிப் பாட்டியின் அந்த மூக்கொலியை எந்த எழுத்தில் அச்சடிப்பது?

இதே மலாக்காவில் அப்படி விடாமல் காப்பாற்றிய பாட்டும் உண்டு. தோண்டாங் சாயாங்கைச் சொல்கிறேன். பாந்துன் என்னும் செய்யுள் கட்டி இருவர் மாற்றி மாற்றிப் பாடும் மலாய்ப் பாட்டு. மலாய்க்காரர், பாபா நியோஞா, போர்த்துகீசியர், நம் மலாக்காச் செட்டிகள் என்று நான்கு சமூகமும் அதைப் பாடும். 2018இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்ப் பேச்சு போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்ட செட்டி மக்கள்கூட அந்த மலாய்ப் பாட்டால் உலகப் பட்டியலில் இடம் பெற்றுவிட்டார்கள். எனக்கு அதில் மனநிறைவுதான். தமிழ் போகாத தோட்டத்து ஜனங்களின் பாட்டுக்கு ஏன் ஒரு பட்டியலும் இல்லை என்று மட்டும் கேட்கிறேன்.

தோட்டம் போனதும் பாட்டு போனது. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் அதிகம் வேண்டியதில்லை. லயம் காலியானது. ஜனங்கள் அலோர் காஜா, தம்பின், மஸ்ஜித் தானா பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் அதைத் தாண்டி சிரம்பான், ஜொகூர் என்றும் சிதறினார்கள். இரண்டு நிரைக்கு அப்பால் அடுத்த அடியை எடுக்க ஆளிருந்தால்தான் அந்தப் பாட்டு நிற்கும். இணைவீட்டில் கம்பிக்கதவு போட்டுக்கொண்டு யாரோடு பாடுவது?

ஆனால் அமெரிக்க இசை எங்கள் பிள்ளைகளைத் தேடி இன்னொரு தடவையும் வந்தது. பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், தலைமுடியைப் பெரிய பந்தாக வளர்த்து, கறுப்பின அமெரிக்கப் பாணியில் ‘அல்லிகேட்ஸ்’ குழுவை நடத்தி மலாய்ப் பாட்டில் நாட்டையே மயக்கினார்கள். பின்னாலேயே ராப். யோகி பி 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது என் வகுப்பு மாணவர்கள் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். செய்யுள் மனப்பாடம் வராத பையன் இதை மட்டும் எப்படிச் சொல்கிறான் என்று கேட்டவர்கள் உண்டு. நியூயார்க்கின் ஏழைக் கறுப்பினப் பையன்கள் 1970களில் தொடங்கியதை எடுத்து, எங்கள் பிள்ளைகள் தங்கள் தமிழில் தங்கள் தாமானைப் பாடினார்கள். எனக்கு அதில் நிரைக்குள் கங்காணியை நக்கலடித்த குரல்தான் கேட்டது.

தப்பு என்னும் பறையின் கதை இன்னும் ஆழமானது. அன்று தப்படிப்பவர் கடைசி லயத்தின் கடைசி வீட்டில் இருப்பார். சாவுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள், வேலை முடிந்ததும் தூரத்தில் நிறுத்திக் கூலி கொடுப்பார்கள். அவர் நெருப்பில் தோலைக் காய்ச்சுவதை வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகளை, வீட்டில் குளிப்பாட்டித்தான் உள்ளே விட்டார்கள். ஏழ்மை எல்லாருக்கும் ஒன்றாக இருந்த லயத்தில் சாதி மட்டும் வரிசை பிரித்து வைத்திருந்தது. இன்று அதே வீடுகளின் பேரப்பிள்ளைகள் பறை கற்க மாலை வகுப்புக்குப் போகிறார்கள், யூடியூப்பில் அடவு பார்க்கிறார்கள். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வாழ்த்து குவிந்தது. கடைசி வீட்டு ஆசானுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைக்கவில்லை. அவர் பிள்ளைகள் தப்பைத் தொடாமலே வளர்ந்தார்கள். அப்பாவின் அவமானத்தைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

உறுமி மேளப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைப்பூசம் வந்தால் அவர்கள் சத்தம் போடுகிறார்கள், சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள் என்று குறை சொல்ல ஊர் முழுக்க ஆள் உண்டு. நான் அவர்கள் பக்கம். வேலை முடிந்து அலுப்போடு வந்து, கோவில் திடலில் பத்து மணிவரை அடித்துப் பழகும் பையன்களை விட்டால் தோட்டத்து இசைக்கு இன்று வாரிசு யார்? கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் கேட்டதை வைத்துக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடம் குறை இருந்தால், அதை நிரப்ப வேண்டியது பாட்டு தெரிந்த மூத்தவர்கள்.

அதனால் சனிக்கிழமை சாயந்தரம் கோவில் மண்டபத்தில் ஓர் ஏற்பாடு. உறுமிப் பையன்களும் சில பெண் பிள்ளைகளும் வருவார்கள். முன்பு பால்வெட்டிய அத்தைமார் யாராவது கிடைத்தால் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்கார வைப்போம். கைத்தொலைபேசியில் பதிவாகும், ஒரு நோட்டில் விவரமும் ஏறும்: பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கேட்டுக் கற்றது. கிராணி ஐயாவின் டேப் பெட்டிகள் மேலிருந்த அதே ஒழுங்கில் எழுதப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன்.

போன வாரம் வந்த அத்தை, பேர் எழுதணும் என்றதும் முதலில் மறுத்தார். “இதெல்லாம் ஒரு பாட்டா தம்பி? நாங்க சும்மா வேலை ஓடறதுக்குப் பாடுனது.” பிறகு ஒரு கும்மியை எடுத்தார். உறுமிப் பையன் ஒருவன் அவசரப்பட்டு வேகமாகத் தாளம் போட்டான். அத்தை பாட்டை நிறுத்திவிட்டார்.

“ஏய், நில்லு. இது சாமி ஊர்வலம் இல்ல. வயித்துப்புள்ளக்காரியும் கூட நின்னு ஆடுறது. அவ காலுக்குத் தக்கன அடி.”

பையன் தாளத்தைக் குறைத்தான். அப்புறமும் அவருக்குத் திருப்தியில்லை. எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, எங்கே தட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தோலின் மேல் காட்டினார். நான்காவது தட்டைத் தட்டாமல் விட வேண்டுமாம், அங்கேதான் கைகள் சேரும். அவன் பிடித்துக்கொண்டதும் பெண் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து முதலிலிருந்து பாடினார். பாதிக்கு மேல் சொல் நினைவுக்கு வரவில்லை. “மிச்சம் எங்க நாத்தனாருக்குத் தெரியும். மஸ்ஜித் தானாவுல மக வீட்டுல இருக்காங்க. முட்டி வலி, பஸ் ஏற முடியாது. ஆளுக்கு ஆள் கேள்வி கேட்கிறீங்களே, யாராச்சும் காரை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். அந்த உறுமிப் பையன் தன் வேனில் போவதாகச் சொல்லி, விலாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டான்.